குப்பை ரயிலில் தொடங்கிய பாதை

சென்னை தி.நகர்ல தக்கர் பாபா வித்யாலயா போர்டை பஸ்ல போகும்போது பார்த்திருப்பீங்க. யாரோ சாமியார் பேருன்னுதான் நம்மள்ல நிறைய பேர் நினைப்போம். அவர் சாமியார் இல்ல பாஸ், நம்ம ஆளு. சிவில் இன்ஜினியர்!

முழுப் பெயர் அம்ரித்லால் விட்டல்தாஸ் தக்கர். 1869இல் குஜராத்தின் பவநகரில் பிறந்தார். காந்தி பிறந்ததும் அதே வருஷம்தான். பூனாவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு போர்பந்தர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். அப்புறம் ஆப்பிரிக்கா போய் உகாண்டா ரயில்வேயிலும் இருந்தார். இன்னைக்கு பாஷையில சொன்னா, ஆன்சைட்!

திரும்பி வந்த பிறகு பம்பாய் நகராட்சியில் வேலை பார்த்தார். ஊர்க் குப்பையை ஏத்திக்கிட்டுப் போற ரயில் பாதை அவர் பொறுப்பில் இருந்தது. அந்தக் குப்பையை அள்ளுற துப்புரவுத் தொழிலாளர்கள் எப்படி வாழ்றாங்கன்னு அங்கேதான் பக்கத்தில் பார்த்தார். தீண்டாமை ஒரு பக்கம், வட்டிக்கடன் இன்னொரு பக்கம். உடனே வேலையை விட்டுடலை. வேலையில் இருந்துகொண்டே அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி, கடனிலிருந்து மீள கூட்டுறவுச் சங்கம் என்று ஆரம்பித்தார்.

கோபால கிருஷ்ண கோகலே 1905இல் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கம் அப்போது பொது வேலைக்கென்றே ஆட்களைத் தயார் செய்துகொண்டிருந்தது. அதில் சேருகிறவர் தனக்கென்று பணம் சம்பாதிக்க மாட்டேன்னு உறுதி எடுக்கணும். 1914இல் தக்கர் ராஜினாமா செய்துவிட்டு அதில் சேர்ந்தார். அப்போ அவருக்கு வயசு 44!

அடுத்த வருஷமே ஒரு முக்கியமான விஷயம் நடந்தது. காந்தி அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கியிருந்தார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பம் அங்கே சேர விரும்புகிறது, சேர்த்துக்கொள்வீர்களா என்று கடிதம் எழுதியவர் தக்கர். தூதாபாய், அவர் மனைவி தானிபென், குழந்தை லட்சுமி மூணு பேரும் ஆசிரமத்துக்கு வந்தார்கள். வெளியிலிருந்து வந்த நன்கொடை நின்றுபோனது. ஆசிரமத்துக்கு உள்ளேயே முணுமுணுப்பு. ஆனாலும் காந்தி அவர்களை அனுப்பவில்லை.

1922இல் பஞ்சமகால் பகுதியில் பஞ்சம். நிவாரணத்துக்குப் போன தக்கர், பில் பழங்குடி மக்களோட நிலைமையைப் பார்த்து 'பில் சேவா மண்டல்' தொடங்கினார். அரிசி கொடுத்துட்டுக் கிளம்பினா அடுத்த பஞ்சத்துக்கு யார் வருவா? அதனால அங்கேயே தங்கி உழைக்க ஆட்களைச் சேர்த்தார், பள்ளிகள் திறந்தார். 1932இல் ஹரிஜன் சேவக் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஆனார். பிறகு அரசியல் நிர்ணய சபையில், பழங்குடிப் பகுதிகள் பற்றி ஆராய்ந்த துணைக்குழுவின் தலைவர். 1951இல் இறக்கும்போது, அவர் உருவாக்கின ஊழியர்கள் பல மாநிலங்களில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

பிளேஸ்மென்ட் சீசன் நடக்குது. ஆஃபர் கையில் இருக்கிறவங்க குற்ற உணர்ச்சியோட இதைப் படிக்க வேண்டாம். தக்கரும் இருபது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கினவர்தான். வேலை கிடைத்தால் சந்தோஷமா சேருங்க. ஆனா அந்த சைட்ல, அந்த ஆபீஸ்ல, உங்க குப்பையை யார் அள்ளுறாங்கன்னு பாருங்க. அவங்களுக்கு ஏதாவது செய்யணும்னு தோணினா, தனியா போகாதீங்க. பக்கத்து சீட்ல இருக்கிறவரையும் கூட்டிக்கிட்டுப் போங்க.