வதைத்தபோது வாய் திறக்காத சிபில் கார்த்திகேசு

1942 ஜனவரி தொடக்கத்தில், அப்போது தெலுக் ஆன்சன் எனப்பட்ட இன்றைய தெலுக் இந்தான் பகுதியில் ஜப்பானியப் படை கடல்வழியே வந்திறங்கியது. கம்பாரில் எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. பேராக் முழுவதும் ஜப்பானியர் பிடியில் வந்தது.

அந்த இருண்ட காலத்தில் துணிந்து நின்றவர் சிபில் கார்த்திகேசு. 1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடானில் யுரேசியக் குடும்பத்தில் பிறந்த இவர், தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் பயிற்சி பெற்றவர். தைப்பிங்கில் பிறந்த தமிழரான டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவை 1919இல் மணந்தார். இருவரும் ஈப்போ பிரூஸ்டர் சாலையில் கிளினிக் நடத்தினர். கண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீனர்களும் சிபிலைத் தேடி வந்தனர்.

போர் நெருங்கியதும் குடும்பம் பாப்பானுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே காயமுற்ற கெரில்லாப் போராளிகளுக்கு இருவரும் ரகசியமாகச் சிகிச்சை அளித்தனர். தடை செய்யப்பட்ட வானொலியை மறைத்து வைத்து, போர்ச் செய்திகளையும் கேட்டு வந்தனர்.

1943இல் இருவரும் கைதாயினர். கெம்பெய்தாய் ராணுவப் போலீசார் சிபிலைக் கொடூரமாக வதைத்தனர். அவர் வாய் திறக்கவில்லை. பின்னர் அவரது சின்னஞ்சிறு மகள் டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி மிரட்டினர். பெற்ற மகள் கண்ணெதிரே தொங்கியபோதும் அந்தத் தாய் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. மேலதிகாரி ஒருவர் தலையிட்டதால் சிறுமி உயிர் தப்பினாள்.

1945இல் ஜப்பான் சரணடைந்தபோது, பத்து காஜா சிறையிலிருந்து சிபில் நடக்க முடியாத நிலையில் மீண்டார். முதுகெலும்புச் சிகிச்சைக்காக பிரிட்டன் கொண்டு செல்லப்பட்டார். சிறையில் எதையும் சொல்லாத அவர், அங்கே தாம் பட்டதையெல்லாம் பதிவு செய்தார். துணிச்சலுக்கான ஜார்ஜ் பதக்கமும் பெற்றார். ஆனால் காயங்கள் ஆறவில்லை. 1948 ஜூனில் காலமானார். மறு ஆண்டு அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டு வரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவரது நினைவுகள் 1954இல் நூலாக வெளிவந்தன. ஈப்போவில் ஒரு சாலையும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஐரோப்பாவில் நாஜிகளிடமிருந்து தப்பிய யூதக் குழந்தைகள், முதுமையில் தங்கள் அனுபவங்களைப் பள்ளிகளிலும் அருங்காட்சியகங்களிலும் சொல்லி வருகின்றனர். நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களில் பலர் சொல்ல ஆளின்றி மறைந்தனர். ஜப்பான்காரன் காலத்தைச் சிறு வயதில் கண்டவர்கள் இன்று வெகு சிலரே. அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வைக்காவிட்டால், அந்த வரலாறு அவர்களோடு போய்விடும்.