வழக்கத்தை விசாரணைக்கு உட்படுத்தியவர்: அயோத்திதாசப் பண்டிதர்

குமணன்சாவடியில் இறங்கிப் பூந்தமல்லி நீதிமன்றத்திற்குச் செல்லும் வழக்கறிஞர்களான நாம், சாதி சார்ந்த எந்தத் தகராறிலும் முதலில் எதிர்கொள்ளும் சொல் வழக்கம் என்பதே. பொதுப் பாதையில் சேரியின் சவ ஊர்வலம் செல்லாதது வழக்கம். தேர் சேரித் தெருவுக்கு வராதது வழக்கம். யார் வகுத்தது, எப்போது வகுத்தது என்று கேட்டால் விடை இருக்காது. விடை தேவைப்படாமல் இருப்பதே அதன் வலிமை. சட்டத்தின் வலிமை பெற்ற வழக்கமும் அடிப்படை உரிமைகளுக்கு முரணானால் செல்லாது என்கிறது அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு. அந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு ஏறத்தாழ 36 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த ஒருவர், வழக்கத்தை விசாரிப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தார். அவரே அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தம் ஆசிரியர் மீது கொண்ட மதிப்பினால் அவருடைய பெயரையே பின்னாளில் தமதாக்கிக்கொண்டார். நீலகிரியில் வளர்ந்து, தமிழும் சித்த மருத்துவமும் கற்றுத் தேர்ந்தார். தம் பாட்டனார் கந்தப்பன் காத்துவைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிகள் எல்லிஸ் துரையின் கைக்குச் சென்ற செய்தியை அவர் எழுதிவைத்துள்ளார். பறையருக்குக் கல்வி உரியதன்று, அவர்களிடம் கல்வி இருந்ததும் இல்லை என்பது ஊரின் நம்பிக்கை. அவருடைய வீட்டுப் பரணோ அந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சியமாக இருந்தது.

1885இல் ஜான் இரத்தினத்துடன் இணைந்து திராவிட பாண்டியன் இதழை நடத்தினார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு, சென்னை விக்டோரியா மண்டபத்தில் கூடிய சென்னை மகாஜன சபையில் நீலகிரியின் பிரதிநிதியாகப் பங்கேற்றார். தெய்வம் அனைவருக்கும் பொது என்றால் கோயிலுக்குள் நுழைய எம்மக்களுக்கு மட்டும் ஏன் தடை என்று அங்கே கேட்டார். சிவனும் விஷ்ணுவும் உங்கள் குலத்துக்கு உரியவர்கள் அல்லர், உங்களுக்கென்று தனித் தெய்வங்கள் இருக்கின்றன என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அவையில் இருந்தோர் படித்தவர்கள், ஆங்கிலேயரிடம் உரிமை கேட்டவர்கள். ஆயினும் அவர்கள் ஒருபோதும் விசாரித்திராத ஒரு நம்பிக்கை அவர்களுக்குப் பதிலாகப் பேசியது. பழமை படிப்பறிவில்லாதோரிடம் மட்டுமே வாழ்கிறது என்று எண்ணுவோர் அந்த அவையை நினைவில் கொள்ள வேண்டும்.

அதே 1892ஆம் ஆண்டில்தான், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வெளிவந்தது. பூந்தமல்லிப் பகுதியும் அன்று அம்மாவட்டத்தில்தான் இருந்தது. ஆணை பிறந்தும் பஞ்சமி நிலங்கள் கைமாறின. அம்மக்கள் நிலத்துக்கு உரியவர்கள் அல்லர் என்ற நம்பிக்கையை அரசாணை தொடவில்லை. நிலத்தையும் உரிமையையும் கேட்பதோடு, அவற்றை மறுக்கும் கருத்தின் வேரையும் தோண்ட வேண்டும் என்பதே அயோத்திதாசர் தேர்ந்த வழி.

1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றார். திரும்பிவந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 அன்று ஒரு பைசாத் தமிழன் என்ற வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு முதல் அது தமிழன் என்ற பெயரில் வெளிவந்தது. பண்டிகை, புராணம், சாதிப்பெயர் என அனைத்தையும் அவ்விதழில் மறுவாசிப்புக்கு உட்படுத்தினார். நந்தனை அடிமையாக அன்றி அரசனாகக் கண்டார். தீபாவளியை எள்ளெண்ணெய் கண்டறியப்பட்டதைப் போற்றிய பௌத்தத் திருநாளாக விளக்கினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பௌத்தர் என்றும் பதிவு செய்யுமாறு தம் மக்களை வலியுறுத்தினார். அவருடைய சொல்லாராய்ச்சிகள் பல இன்றைய வரலாற்று அளவுகோலுக்கு முன் நிற்கமாட்டா. ஆயினும், இழிவு இயற்கையானதன்று, அது வரலாற்றில் ஒரு காலத்தில் சுமத்தப்பட்டது என்ற அவருடைய அடிப்படைக் கூற்று நிற்கிறது. சுமத்தப்பட்டதை இறக்கிவைக்க முடியும். அந்த நம்பிக்கையிலிருந்தே அரசியல் பிறக்கிறது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாம் எழுதுவது புகழ்மாலையாகிவிடும். சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டோர் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தோர் வேறு என்று அயோத்திதாசர் ஒரு கோடு கிழித்தார். பறையரை முதல் வகையில் வைத்த அவர், சக்கிலியர், தோட்டி, குறவர் என்று அன்று அழைக்கப்பட்ட மக்களை இரண்டாம் வகையில் வைத்தார். தம் மக்கள் மீது சுமத்தப்பட்ட இழிவை வரி வரியாக விசாரித்தவர், பக்கத்துத் தெருவின் இழிவை விசாரணையின்றி ஏற்றுக்கொண்டார். கேள்வி கேட்கப்படாத நம்பிக்கை, கேள்வி கேட்பவருக்குள்ளும் குடியிருக்கும் என்பதற்கு இதைவிட வலிய சான்று நமக்குத் தேவையில்லை.

அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2009இல் இயற்றப்பட்டது. பட்டியல் சாதிகளை உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதை 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்தது. தரவு குறித்தும் நடைமுறை குறித்தும் நேர்மையான ஐயங்கள் எழலாம்; அவற்றை விவாதிப்போம். ஆனால் நம் கூட்டங்களில் எழும் எதிர்ப்பில் எவ்வளவு சட்ட வாதம், எவ்வளவு பழைய கோட்டின் நிழல் என்பதை நாம் நேர்மையாகப் பிரித்தறிய வேண்டும். மலக்குழியில் இறங்கி மாய்வோரில் பெரும்பாலோர் எந்தத் தெருவினர் என்பது நமக்குத் தெரியும். அதைக் கேட்டு நாம் அதிர்ச்சி அடையாமல் இருப்பதும் ஒரு வழக்கமே.

1914 மே 5 அன்று அயோத்திதாசர் மறைந்தார். இன்று அவருக்கு அஞ்சல்தலை இருக்கிறது. தாம்பரம் சித்த மருத்துவமனைக்கு அவர் பெயர் இருக்கிறது. அவர் விட்டுச்சென்ற விசாரணை மட்டும் முடியவில்லை. அதை ஊரின் வாசலில் தொடங்குவது எளிது. நம் வீட்டு வாசலிலும் தொடங்கினால்தான் அவருடைய வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி நமக்கு வரும்.