கண்ணாடியை உடைத்துப் பார்த்த கிரிஃபித்

அடையாறில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் துணியை அளக்கிறார். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழித்து விடுகிறார். வெட்டு இல்லாமல் கிழிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்! பயில்வானுக்கும் கை வலிக்கும்.

இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் இதற்குச் சரியான கணக்கு எழுதிக் காட்டியவர் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் என்ற ஆங்கிலேயர்.

அவர் 1893-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். லிவர்பூல் சர்வகலாசாலையில் இயந்திரப் பொறியியல் படித்தார். 1915-ல் பார்ன்பரோ என்ற ஊரில் இருந்த சர்க்கார் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தார்.

சோப்புக் குமிழி

அது முதல் உலக யுத்த காலம். விமானத்தில் முறுக்கப்படும் தண்டு எந்த இடத்தில் அதிகம் சிரமப்படுகிறது என்று தெரிய வேண்டும். தண்டின் வடிவமோ கோணல்மாணல். காகிதத்தில் கணக்குப் போட்டு மாளாது.

கிரிஃபித்தும் ஜெப்ரி டெய்லர் என்ற விஞ்ஞானியும் ஒரு தந்திரம் செய்தார்கள். தண்டைக் குறுக்கே வெட்டினால் என்ன வடிவமோ, அதே வடிவத்தில் தகட்டில் ஒரு துளை. அதன் மேல் சோப்புப் படலம். லேசாகக் காற்று கொடுத்ததும் படலம் உப்பும். வேண்டிய புள்ளிகளில் மட்டும் அதன் சரிவை அளந்தார்கள். எங்கே சரிவு அதிகமோ, அங்கே சிரமம் அதிகம்! அவருக்குச் 'சோப்புக் குமிழி' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது.

கண்ணாடி இழை

பிறகு கண்ணாடியைக் கையில் எடுத்தார். கொள்கைப்படி அது தாங்க வேண்டிய சுமையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் உண்மையில் தாங்கியது. ஏன்? கண்ணாடியை உருக்கித் தலைமுடியைவிட மெல்லிய இழையாக இழுத்தார். என்ன ஆச்சரியம்! இழையின் பலம், தடித்த கண்ணாடியைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு இருந்தது.

தடித்த கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டு. இழுபடும்போது அவைதான் திறந்துகொண்டு ஓடுகின்றன. கீறல் 4 மடங்கு நீண்டால், தாங்கும் சுமை பாதியாகிவிடும். இந்தக் கணக்கு 1921-ல் அச்சில் வந்தது.

பொறியாளர்கள் பலர் அதைச் சட்டை செய்யவில்லை. இரும்பு என்ன கண்ணாடியா என்பது அவர்கள் எண்ணம். கிரிஃபித்தும் விமான எஞ்சின் பக்கம் திரும்பினார். 1939-ல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். பிராங்க் விட்டில் என்ற இளைஞர் கொண்டுவந்த ஜெட் எஞ்சின் யோசனை நடைமுறைக்கு ஒத்து வராது என்று சொன்னவரும் இவர்தான்! மேதைகளுக்கும் சறுக்கும்.

1943-ல் அமெரிக்காவில், துறைமுகத்தில் சும்மா நின்ற 'ஸ்கெனெக்டடி' கப்பல் இரண்டாகப் பிளந்தது. 1954-ல் இரண்டு 'காமெட்' விமானங்கள் நடுவானில் சிதறின. அதன் பிறகே உலகம் விரிசலைக் கண்டு பயந்தது. பழைய கணக்கை, இரும்புக்கும் பொருந்தும்படி ஜார்ஜ் இர்வின் என்ற அமெரிக்கர் விரித்து எழுதினார். கிரிஃபித் 1963-ல் காலமானார்.

அடையாறுக்கு அடுத்து, 1959-ல் தோன்றிய ஐ.ஐ.டி. இருக்கிறது. தரமணியில் கட்டுமானப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் உண்டு. இத்தகைய இடங்களில் சோப்புப் படலத்தின் வேலையை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. இரும்புத் தகட்டைக் கணக்கிலேயே ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். அத்தனைக்கும் விடை வரும். ஆனால் விரிசலின் இரண்டு உதடுகளிலும் சில புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவை எவ்வளவு விலகின என்று பார்த்தால் போதும். நுனியை ஒட்டிய எண்ணை அப்படியே நம்ப மாட்டார்கள்; அங்கே கணக்குத் தடுமாறும். சற்றுத் தள்ளி நாலைந்து எண்களை எடுத்து, அங்கிருந்து நுனியை நோக்கிக் கோடு போட்டு வருவார்கள். கிடைக்கும் எண் அந்த இரும்புக்குரிய எல்லையைத் தாண்டினால், விரிசல் ஓடும்.