காஜி ஷுரைஹ் (ரஹ்)

கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒரு குதிரையை விலை பேசி, ஓட்டிப் பார்த்த போது அது ஊனமுற்றது. திருப்பித் தர நாடினார்கள், விற்றவரோ ஏற்கவில்லை. இருவரும் மத்தியஸ்தராக ஷுரைஹைத் தேர்ந்தனர். வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும், இல்லையேல் விலையைத் தர வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்தார். தமக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன அவரையே கலீபா அவர்கள் கூபா நகரின் காஜியாக நியமித்தார்கள். சுமார் 60 ஆண்டுகள் அப்பதவியில் இருந்து, நூறு வயதைக் கடந்து அன்னார் மறைந்தார்.

அலீ (ரலி) அவர்களின் காணாமற்போன போர்க் கவசம் ஒரு யூதரிடம் காணப்பட்ட வழக்கை நாம் பலரும் கேட்டிருக்கிறோம். (இதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறுவதையும் மறைக்க வேண்டியதில்லை.) பொருள் யார் கையில் இருக்கிறதோ அவரை அதற்குரியவராகவே கொள்ள வேண்டும், உரிமை கோருபவரே சாட்சி கொண்டு வர வேண்டும். கலீபா அவர்கள் தம் மகனார் ஹஸன் (ரலி) அவர்களையும் பணியாள் கன்பரையும் சாட்சி கூற அழைத்தார்கள். தந்தைக்கு மகனின் சாட்சியம் செல்லாது என்றார் காஜி. ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளின் சட்டமும் இதுவே. கவசம் யூதருக்கே என்று தீர்ப்பாயிற்று. அவர் பின்னர் உண்மையை ஒப்புக்கொண்டு இஸ்லாத்தைத் தழுவியதைத்தான் நம் மேடைகளில் விரித்துரைக்கிறார்கள். நமக்கோ அதற்கு முந்திய கட்டமே பெரிதாகப் படுகிறது. கலீபா பொய் சொல்ல மாட்டார் என்பதில் காஜிக்குச் சந்தேகமே இல்லை. ஆயினும் தம் நம்பிக்கையைச் சாட்சியத்தின் இடத்தில் அவர் வைக்கவில்லை.

மற்றொரு நாள் ஒரு பெண் அழுதுகொண்டே வழக்குரைத்தாள். அருகிருந்த இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள், பாவம், அநீதிக்குள்ளானவள் போலும் என்றார்கள். யூஸுப் (அலை) அவர்களின் சகோதரர்களும் இரவில் அழுதுகொண்டுதானே தந்தையிடம் வந்தார்கள் என நினைவூட்டினார் காஜி. அவளைப் பொய்யள் என்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சாட்சி வரும்வரை எந்தப் பக்கமும் சாயவில்லை, அவ்வளவே. நம் மஹல்லாக்களில் கணவன் மனைவி பிணக்கு வரும்போது, முதலில் வந்து அழுதவர் வீட்டாரின் பேச்சோடு விசாரணை முடிந்து விடுவதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்!

அன்னாரின் மகன் ஒருவருக்கு ஜாமீன் நின்றார். அந்த ஆள் ஓடிவிட்டான். ஜாமீன் உறுதியாகிவிட்டதால் காஜி தம் மகனையே சிறையிலடைத்தார். சிறைக்கு உணவு மட்டும் தம் வீட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது.