ஷார்ல் ரிஷே

செங்கற்பட்டைச் சார்ந்த கடற்கரையூர்களாகிய கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் முதலியவற்றில் இறாலும் நண்டும் புழங்காத அடுக்களை அரிது. குழம்பில் இல்லாத நாளிலும் சென்னாக்குனித் தொக்காகவேனும் வந்து சேரும். அத்தகைய வீட்டில் ஒரு சிறுவன் இறாலை உண்டு, உதடு தடித்து, மூச்சுத் திணறுவானாயின், நேற்று வரை உண்டவனுக்கு இன்று என்ன நேர்ந்ததென்று வீட்டார் திகைப்பர். கண்ணேறு என்பார் சிலர். சமைத்த தாயையே பழிப்பார் பலர். இத் திகைப்புக்கு விடைகாண வழிவகுத்தவர் ஷார்ல் ரிஷே என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ரிஷே 1850-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் புகழ்பெற்ற இரண வைத்தியர். ரிஷே 1887-இல் பாரிஸில் உடலியற் பேராசிரியரானார். கவியும் நாடகமும் எழுதினார். ஆகாய விமான முயற்சிகளுக்குத் துணைநின்றார். ஆவிகளைக் குறித்தும் ஆராய்ந்தார். இவற்றை விரிப்பிற் பெருகும்.

1901-இல் மொனாக்கோ அரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில், போல் போர்ட்டியே என்பவருடன் அட்லாண்டிக் கடலிற் சென்றார். நீலக் காற்றுப்பையோடு மிதந்து, நீண்ட இழைகளாற் கொட்டும் ஒரு கடலுயிரின் நஞ்சை இருவரும் ஆராய்ந்தனர். (நம் கரையிலும் அது சிற்சில காலங்களில் ஒதுங்கக் காணலாம்.) பாரிஸ் திரும்பியபின் அவ்வுயிர் கிட்டாமையால், பாறைகளிற் பூப்போல் ஒட்டி வாழும் கடற்சாமந்தியின் நஞ்சை எடுத்துக்கொண்டனர். சிறிது சிறிதாய்க் கொடுத்தால் நாயின் உடல் நஞ்சுக்குப் பழகிவிடும் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்னும் நல்ல உடற்கட்டுள்ள நாய் முதலில் அதைத் தாங்கிக்கொண்டது. சில வாரங்கள் கழித்து, ஏறக்குறைய அதே சிற்றளவைக் கொடுத்தபோது, அரைமணி நேரத்திற்குள் இறந்துபட்டது. பழக்கம் காக்கவில்லை, பழக்கமே கொன்றது. காப்புக்கு மாறானது என்னும் பொருள்பட இதற்கு அனபிலாக்சிஸ் என்று பெயரிட்டு, 1902 பிப்ரவரியில் வெளியிட்டனர். உணவாலும் இது நேரக்கூடும் என்பதையும் ரிஷே பின்னர் ஆராய்ந்தார். 1913-இல் நோபெல் பரிசு பெற்றார்.

வெள்ளையர் இனமே உயர்ந்ததென்று இவர் எழுதியதை மறைத்தல் முறையன்று. அதனைப் படிக்க நமக்கு உள்ளம் கூசுகின்றது. 1935 டிசம்பர் 4-ஆம் நாள் காலமானார்.

வீட்டுப் பெரியோர், சிறிது சிறிதாய் ஊட்டினால் பிள்ளைக்குப் பழகிவிடும் என்று கருதி, குழம்பின் அடியில் ஓர் இறாலை மறைத்து வைப்பதுண்டு. அன்பினால் அங்ஙனம் செய்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நெப்டியூனுக்கு நேர்ந்ததை அவர்கள் அறியார். மருத்துவர் கண்முன் அளந்து கொடுத்துப் பழக்கும் முறை வேறு. மூச்சடைக்கும் வேளையில் உடனே போடவேண்டிய அட்ரினலின் ஊசியும் அங்கே ஆயத்தமாயிருக்கும். தாயோ மகனுக்கென்று தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் வைத்துக்கொண்டு, கலியாணப் பந்தியில், எந்தக் கரண்டி எந்தக் குழம்பிலிருந்து வந்ததென்று பரிமாறுவோரை வினவி நிற்கின்றாள்.