கற்பிட்டி தந்த சைமன் காசிச்செட்டி

கற்பிட்டி என் வாப்பாவின் ஊர். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, நடுவே ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. விடுமுறை தோறும் அங்கே போய் வந்தும், அவ்வூரில் பிறந்த சைமன் காசிச்செட்டியின் பெயரைச் சென்ற வருடம்தான் கேள்விப்பட்டேன். தமிழ் இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் அப்பெயர் வந்தபோது வாப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவரைப் பற்றித் தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறேன்.

காசிச்செட்டி 1807 மார்ச் 21ஆம் திகதி பிறந்தார். செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கற்றவர்; வேறு பல மொழிகளிலும் அறிவு பெற்றிருந்தார். 17ஆவது வயதில் புத்தளம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். பின்னர் புத்தளத்தின் மணியகாரராகவும் முதலியாராகவும் உயர்ந்தார்.

உத்தியோகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மக்கள், விளைபொருட்கள் பற்றிய செய்திகளைத் திரட்டினார். அவற்றை அகரவரிசைப்படுத்தி 1834இல் இலங்கை கசற்றியர் என்ற ஆங்கில நூலாக்கினார். அது கோட்டையிலிருந்த மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது 27தான். வாகன வசதியோ தபால் வசதியோ பெரிதாக இல்லாத காலத்தில், ஒரு கரையோர ஊரில் இருந்துகொண்டு முழு நாட்டையும் பற்றி எழுதுவது எவ்வளவு பெரிய உழைப்பு!

முக்குவர், பரவர் முதலிய சமூகங்களைப் பற்றியும் அவர் எழுதினார். இலங்கைச் சோனகரின் பழக்கவழக்கங்கள் குறித்த அவரது கட்டுரை 1830களில் லண்டன் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. இதை அறிந்தபோது என் மனதில் ஒரு கேள்வி எழுந்தது. நம்மவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை இன்னொரு சமூகத்தவர் கவனித்து எழுதி வைத்திருக்கிறார். நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம்?

1838இல் தமிழர் பிரதிநிதியாகச் சட்ட நிரூபண சபைக்கு நியமிக்கப்பட்டு, 1845 வரை அங்கே இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1841இல், உதயாதித்தன் என்ற தமிழ் மாத இதழைத் தொடங்கினார். அதே வருடம் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைச் சார்ந்தவர்கள் உதயதாரகையைத் தொடங்கினார்கள். உதயதாரகைக்கு மிஷனின் அச்சகமும் பள்ளிக்கூடங்களும் துணை நின்றன; அது நெடுங்காலம் வாழ்ந்தது. உதயாதித்தனோ விரைவிலேயே நின்றுபோயிற்று. அவருடைய ஆங்கில நூல்கள் இன்றும் நூலகங்களில் கிடைக்கின்றன. சொந்த மொழியில், சொந்த மக்களுக்காகத் தொடங்கிய இதழ்தான் நிலைக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. பிற்காலத்தில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்தபோதும் எழுதிக்கொண்டே இருந்தார். ஏறக்குறைய 200 தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து, 1859இல் தமிழ் புளூட்டாக் என்ற ஆங்கில நூலை யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு வெளியிட்டார். பண்டைய கிரேக்கத்தில் பெரியோர்களின் வாழ்க்கையை எழுதிய புளூட்டாக்கின் பெயரையே நூலுக்குச் சூட்டினார். தமிழ்ப் புலவர் வரலாறு எழுதப் பின்வந்தவர்களுக்கு அது வழிகாட்டியாயிற்று. மறுவருடம், 1860 நவம்பர் 5ஆம் திகதி, 53ஆவது வயதில் அவர் காலமானார்.

என் உம்மும்மாவுக்குக் களப்போரத்து ஒவ்வொரு துறைக்கும் பெயர் தெரியும். எந்தக் கிணற்றை யார் வெட்டினார்கள், எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்றெல்லாம் சொல்லுவா. நான் கேட்டுச் சிரித்ததோடு சரி, ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. அவ மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. அந்தப் பெயர்களில் நான்கைந்துதான் இப்போது என் நினைவில் இருக்கின்றன.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்த விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் உட்காருங்கள். பெற்றோர்களே, பிள்ளை எழுதிக் கொண்டு வருவதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வாசிக்க ஆளில்லாமல் ஓர் இதழ் எப்படி நின்றுபோகும் என்பதற்கு உதயாதித்தன் நமக்கு முன்னால் இருக்கிறது. எழுதியவர் நம்முடைய கற்பிட்டிக்காரர்தான்.