நேதாஜியும் காக்கிச் சீருடையும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பர். ஒருவர் உடுத்தியிருக்கும் உடையைப் பார்த்தே அவருக்கு வழிவிடுவதா, அவரை விலகிப் போகச் சொல்வதா என்று உலகம் பல வேளைகளில் முடிவு செய்துவிடுகிறது. இவ்வுண்மையை மாணவப் பருவத்திலேயே பட்டறிவால் உணர்ந்தவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். பின்னாளில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்களும் அவர் வழியாக அதனை உணர்ந்தனர்.

சுபாஷ் 1897ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் ஒடிசாவிலுள்ள கட்டாக் நகரில் பிறந்தார். தந்தை ஜானகிநாத் புகழ்பெற்ற வழக்கறிஞர், தாயார் பிரபாவதி. மேற்படிப்புக்காகக் கல்கத்தாவுக்குச் சென்ற சுபாஷ், நகரின் டிராம் வண்டிகளில் நடந்த சில காட்சிகளைக் கண்டு மனம் கொதித்தார். ஆங்கிலேயர் சிலர் எதிர் இருக்கையின்மீது காலை நீட்டிக்கொள்வர். அவர்களுடைய காலணி அங்கே அமர்ந்திருக்கும் இந்தியர்மீது படும். பலர் அதனைப் பொறுத்துக்கொண்டனர்; சுபாஷால் பொறுக்க இயலவில்லை. 1916இல் மாநிலக் கல்லூரியில் ஆங்கிலேயப் பேராசிரியர் ஓட்டன் தாக்கப்பட்ட நிகழ்வை ஒட்டி அவர் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

அதன்பின் அவர் இராணுவத்தில் சேர முயன்றார். கண்பார்வைக் குறைவால் அவரைச் சேர்க்க மறுத்துவிட்டனர். 1917இல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தபோது, பல்கலைக்கழக மாணவர் பயிற்சிப் படையில் சேரும் வாய்ப்புக் கிடைத்தது. மாணவர்கள் சீருடை அணிந்து, கூடாரங்களில் தங்கிப் பயிற்சி பெற்றனர். சாதாரண நாளில் இந்தியர் எளிதில் நுழைய முடியாத வில்லியம் கோட்டைக்குள், துப்பாக்கிகளைப் பெறுவதற்காக அவர்கள் அணிவகுத்துச் சென்றனர். நமக்குரியதாய் இருந்தும் நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றை மீண்டும் பெற்றது போன்ற நிறைவு அவருக்கு ஏற்பட்டது. நகரத் தெருக்களில் சீருடையுடன் நடந்தபோது, அதுவரை மாணவர்களை அதட்டி வந்த காவலர்களை அவர்கள் பொருட்படுத்தாமல் கடந்து சென்றனர். நேற்று அஞ்சி ஒதுங்கிய அதே இளைஞர்கள்தாம் இன்று நெஞ்சு நிமிர்த்தி நடந்தார்கள். மாறியது அவர்களின் உடை மட்டுமே.

1919இல் சுபாஷ் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கிருந்த மாணவர் இராணுவப் பயிற்சிப் படையில் இந்தியர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முறையிட்டார். பலன் கிட்டவில்லை. ஐ.சி.எஸ். தேர்வில் நான்காம் இடம் பெற்றும், அந்நியர் ஆட்சியில் அதிகாரியாக இருக்க விரும்பாமல் 1921இல் அப்பதவியைத் துறந்தார். 1928இல் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு நடைபெற்றபோது, தொண்டர்களுக்குச் சீருடை அணிவித்து, தாமும் படைத்தலைவருக்குரிய உடையில் அவர்களை வழிநடத்தினார். சிலர் அதனை வெறும் வேடிக்கை என எள்ளினர். கட்டுப்பாடும் தன்மதிப்பும் மக்களிடம் வளர அது ஒரு வழி என்று சுபாஷ் நம்பினார். 1938இலும் 1939இலும் அவர் காங்கிரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941 சனவரியில், வீட்டுக்காவலில் இருந்த அவர் பட்டாணியரைப்போல் உடையணிந்து நள்ளிரவில் தப்பினார். பின்னர் ஜெர்மனியை அடைந்து, அங்கிருந்து 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார்.

அக்காலத்தில் மலாயாத் தோட்டங்களில் தமிழர் நிலை எப்படி இருந்தது? நெகிரி செம்பிலானில் சிரம்பானை அடுத்த மம்பாவ், ரந்தாவ் போன்ற வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பரவியிருந்தன. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் சீவச் செல்வதே தோட்ட மக்களின் அன்றாட வாழ்க்கை. பல தோட்டங்களில், துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி கீழே இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இவ்வழக்கத்தை ஒழிக்கவும் கோரினர். வயிற்றுக்குச் சோறு கேட்டவர்கள் மானத்தோடு சாலையில் செல்லும் உரிமையையும் கேட்டார்கள். வேலை நிறுத்தம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தனர். துரைகள் போனார்கள், துன்பம் போகவில்லை. ஜப்பானியக் காவலர் நிற்கும் இடத்தைக் கடக்கும்போது குனிந்து வணங்காதவர் கன்னத்தில் அறை வாங்கினர். ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் இரயில்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டு, நோயாலும் பசியாலும் மாண்டனர்.

இந்நிலையில், 1943 சூலை 2ஆம் நாள் போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். சூலை 4ஆம் நாள் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள், நகரத் திடலில் இராணுவச் சீருடையுடன் தோன்றி இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். மக்கள் அவரை நேதாஜி என்று அழைத்தனர். அவர் அழைப்பை ஏற்றுத் தோட்டத்து இளைஞர் பலர் படையில் சேர்ந்தனர். அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. டாக்டர் லட்சுமி அதன் தலைவியானார். சேலை கட்டிப் பால்மரம் சீவிய பெண்கள் காற்சட்டையும் தொப்பியும் அணிந்து துப்பாக்கி ஏந்தினர். சாதி, மதம் பாராமல் அனைவரும் ஒன்றாக உண்டனர்.

சீருடை அணிந்தவரைக் கூலி என்று எவரும் எளிதில் அதட்டிவிட முடியவில்லை. தம் படையினர் எவருக்கும் தாழ்ந்தவர் அல்லர் என்பதில் போஸ் உறுதியாக இருந்தார். சம பதவியிலுள்ள இந்திய அதிகாரியும் ஜப்பானிய அதிகாரியும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் வணக்கம் செலுத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். எனினும், சீருடை எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அது கிடைக்காதவர்கள் தொடர்ந்து அஞ்சியே வாழ்ந்தனர். நாட்டுப் பற்றால் படையில் சேர்ந்தவர்களைப் போலவே, பசிக்கும் சயாம் பயணத்துக்கும் தப்புவதற்காகச் சேர்ந்தவர்களும் உண்டு. சீருடைக்குரிய விலையும் பெரிதாக இருந்தது. 1944இல் இம்பால் போர்முனையில் படை தோல்வியுற்றது. மழையிலும் மலேரியாவிலும் வீரர் பலர் மாண்டனர். 1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது, ஜான்சி ராணிப் படைப் பெண்களைப் பாதுகாப்பாக அனுப்பும்வரை போஸ் அவர்களைவிட்டு நீங்காமல் உடன் நடந்தார்.

1945 ஆகஸ்டு மாதத்தில் போஸ் சிரம்பானில் தங்கியிருந்தார். அங்குத் தம் படையின் பயிற்சி முகாமைக் கவனித்துக்கொண்டிருந்த வேளையில், ஜப்பான் சரணடையப்போகும் செய்தி அவரை எட்டியது. அவர் சிங்கப்பூருக்கு விரைந்து, வீரர்களின் பாதுகாப்புக்கான ஏற்பாடுகளைச் செய்தார். ஆகஸ்டு 18ஆம் நாள், தைவானில் நேர்ந்த விமான விபத்தில் தீக்காயமுற்று மறைந்தார். அப்போது அவருக்கு வயது 48.

மீண்டும் வந்த பிரிட்டிஷார், சிங்கப்பூரில் போஸ் அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னத்தை இடித்துத் தள்ளினர். படை கலைந்தது. வீரர்கள் காக்கி உடையைக் களைந்துவிட்டுத் தோட்டங்களுக்குத் திரும்பினர். அதே பால்மரங்கள், அதே லயத்து வீடுகள், அதே பிரட்டுக்களம் அவர்களுக்காகக் காத்திருந்தன. ஆனால், நிமிர்ந்து நிற்கப் பழகிய முதுகு மீண்டும் வளைய மறுத்தது. முன்னாள் வீரர் பலர் தொழிற்சங்கங்களில் முன்னின்று உழைத்தனர். கெடாவில் உருவான தொண்டர் படை, சீருடை அணிந்து கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது.

கல்கத்தாத் தெருவில் மாணவர் சுபாஷுக்கு ஒரு சீருடை தந்த துணிவு, கால் நூற்றாண்டு கடந்து தோட்டத்துத் தமிழரிடமும் வேரூன்றியது. உடையைக் கண்டு பிறர் தரும் மதிப்பு அவ்வுடையோடு நீங்கிவிடும். தம்மைத் தாமே மதிக்கக் கற்றவர்களுக்கோ, சீருடையைக் களைந்த பின்னும் அம்மதிப்பு நிலைத்து நின்றது.